சேவல் இறகுக்கு வந்த மீன்

என் அருமை சேகருக்கு,

கம்பெனி விசாரணையில் எனக்கு எதிராக நீ எழுதிக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம் உன்னோடு பேசவில்லை. போன ஐப்பசியில் நீ போய்ச் சேர்ந்தபோதும் வரவில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் உன்னைத் தவிர வேறு யாருக்கும் சொல்வதற்கு எதுவும் இல்லை.

பங்குனியில் நீலகிரிக்குப் போய்வந்தேன். தனியாகத்தான். மீன்பிடிக்க அனுமதிச் சீட்டு கொடுப்பவர், "இன்னொருத்தர் வரலீங்களா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். அவரிடம் வேறென்ன சொல்வது?

ஓடை அப்படியேதான் இருக்கிறது. முழங்கால் வரை அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நின்றால் ஒரகடத்தில் நம் பிளான்ட்டின் இரைச்சல் காதைவிட்டு இறங்கிவிடும். பாறையின் மறைவில் ட்ரவுட் மீன் ஒன்று ஓட்டத்தை எதிர்த்து நின்றது. உடம்பெல்லாம் புள்ளி. யாரும் வளர்த்து விடாமல் அந்த ஓடையிலேயே பிறந்த மீன். சேவல் இறகு சுற்றி நீ கட்டிக் கொடுத்த தூண்டில் முள்ளில் இரண்டு மிச்சம் இருந்தன. அது பூச்சி மாதிரி மிதந்து வர வேண்டும். நூல் விழுவது மீனுக்குத் தெரியவே கூடாது. அந்த ஒரு வீச்சுக்காகத்தானே ஞாயிறுதோறும் படப்பையில் காலி மனையில் வெறும் நூலை வீசிப் பழகினோம்? "இன்னா சார், தரையில மீன் கீதா?" என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

நாம் ஏரியில் விரால் பிடித்தவர்கள். மீன் கடித்ததும் கை தானாக வெடுக்கென்று இழுத்துவிடும். ட்ரவுட்டுக்குப் போடும் மெல்லிய நூல் அதைத் தாங்காது. எத்தனை முறை அறுத்திருக்கிறேன்! "இன்னா மச்சான், இது இன்னா ஏரி விராலா? ஒரு மூச்சு வுட்டுட்டு தூக்குடா. உனுக்கு மார்க்கெட்டு வஞ்சிரந்தான் லாயக்கு" என்பாய்.

இந்த முறை மூச்சு விட்டுத்தான் தூக்கினேன். ஒரு சாணுக்கு மேல் இருக்கும். ஈரக் கையால் முள்ளைக் கழற்றி விட்டதும் ஒரு சொடுக்கில் மறைந்தது. "பாத்தியாடா?" என்று திரும்பினேன். பாறைதான் இருந்தது.

ஊர் திரும்பிய அன்று உன் மனைவி மீனா போன் செய்தாள்.

"அண்ணா, சாவுக்கும் வர்ல, காரியத்துக்கும் வர்ல. அது போவட்டும். ஒன்னே ஒன்னு சொல்லுங்க. இவரு மெய்யாலுமே உங்க மேல பொய்யா எழுதிக் குடுத்தாரா? பிளான்ட்ல எல்லாரும் அப்டித்தான் பேசிக்கினு கீறாங்க."

பேச வைத்தது யார்? கேன்டீனில் டேபிள் டேபிளாகப் போய் உன்னைப் பொய்யன் என்றவன் நான்தான். நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை? பாகங்களைச் சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டது நான் என்று எழுதினாய். போட்டது நான்தானே?

"நேர்ல சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

எழுதிக் கொடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். உன் படத்தைப் பார்த்து அல்ல, மீனாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: சேகர் எழுதியது உண்மை, பொய் சொன்னவன் நான்.

உன் மச்சான்,
கருணாகரன்