மாதா சுரூபமும் பூட் பிளாப்பியும்

சேசு மரி சூசை துணை
சிங்கப்பூர், 12.8.1984

அன்புள்ள பிரிஜட்டுக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமா? அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா?

ஜூரோங் தொழிற்சாலையில் ஒரு கூத்து. பயப்படாதே, வேலை போகவில்லை. நீ தந்த மாதா சுரூபத்தை, கம்ப்யூட்டரைக் கிளப்பும் பிளாப்பி தகட்டின்மேல் வைத்துச் சிலுவை போட்டேன். சுரூபத்தின் அடியில் ஒட்டியிருந்த காந்தம் தகட்டில் இருந்ததை அழித்துவிட்டது. மிஷின் எழவேயில்லை.

சூப்பர்வைசர் சேதுபதி சிரித்துவிட்டார். "மிஷினுக்குக் காலையில ஒண்ணுமே ஞாபகம் இருக்காது லா. இந்த பிளாப்பியில உள்ள நாலு வரி உள்ள போனா, மிச்சத்தை அதுவே இழுத்துக்கும். தன் பூட்ஸ் வாரைத் தானே இழுத்து ஒருத்தன் எந்திரிக்கிற மாதிரி. அதான் பூட்னு பேரு வச்சான்."

ஞாயிற்றுக்கிழமை அறையில் உட்கார முடிவதில்லை. பூசை முடிந்து சிராங்கூன் ரோட்டை மூன்று தடவை நடந்துவிட்டு, காப்பிக்கடையில் எழுதுகிறேன். வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்குப் போனால் மாதா படம் ஒன்று, காகிதத்தில், வாங்கி அனுப்பு. கூடவே கடிதமும். உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது.

மேசைக்கு ஆள் காத்து நிற்கிறது, முடிக்கிறேன். நாலு வரி போதும், பிரிஜட். மிச்சத்துக்கு நானே எழுந்துகொள்வேன்.

உன்
இயேசுதாசன்