மூணு ஜோடி ரப்பர் செருப்பு

ஆடி 5, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். நெல் காயவில்லை. தார்ப்பாயை மூடி, திறந்து, திரும்ப மூடி, இடுப்பு விட்டுப்போனது.

சென்னையிலிருந்து ஜோ போன். என் பிள்ளை தினாவோடு டிரம் அடித்த பையன். "அவன் போயி வருஷம் ஆகப்போவுதும்மா. அவன் ஊர்ல ஒரு வாட்டி வாசிக்கணும்" என்றான். தினா ஆரம்பித்த பேண்ட். காலேஜில் கிதாரைத் தூக்கிக்கொண்டு மூணு பேரைச் சேர்த்தான். பெங்களூர், கொச்சி எல்லாம் போய் வாசித்தான். உத்திரமேரூர் பக்கம் ஒரு தடவைகூட இல்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது.

வாசிப்பு என்றால் கரண்ட். அன்றைக்கும் மேடையில் சாரல். கையில் கிதார், மைக்கில் வாய் வைத்தான். அவ்வளவுதான்.

இப்போது மோட்டார் சுவிட்சை வீட்டுக்காரர்தான் போடுகிறார். நான் தொடுவதில்லை. மிக்ஸியும் இல்லை, அம்மிதான்.

ஆடி 6, செவ்வாய்

கோயில் தர்மகர்த்தா கோதண்டம் மாமாவைப் பார்த்தேன்.

"தினாவோட பேண்டு ஞாயித்துக்கிழமை வாசிக்கட்டுமா மாமா?"

"பேண்டா? நல்லதாப் போச்சு வள்ளி! அம்மன் ஊர்வலத்துக்கு வாலாஜாபாத் பேண்டு செட்டு வரலைன்னுட்டான், பேஜாராப் போச்சேன்னு உக்காந்துக்கினு கீறேன். டிரம்பெட் கீதா?"

"டிரம் கீது."

"சேப்பு கோட்டு போட்டுக்கினு வரச் சொல்லு. டிராக்டரும் ஜெனரேட்டரும் நம்மளுது."

இது அந்த பேண்ட் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பந்தல்காரன் கூப்பிட, போய்விட்டார்.

ஊரில் எப்போதும் இதே கதை. தினா பேண்ட் வைத்திருக்கிறான் என்றால், கல்யாணத்துக்கு வருவானா, சாவுக்கு வருவானா என்று கேட்பார்கள். இது ராக் என்று ஒரு தடவை விளக்கினான். "ராக்குன்னா? ராக்கால பூஜையாடா?" என்றார் அவன் அப்பா. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில்.

வாங்க: கேழ்வரகு, நொய், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை. ரப்பர் செருப்பு மூணு ஜோடி, வாசிக்கிற பிள்ளைகளுக்கு. ஒன்று பொம்பளை அளவு.

ஆடி 10, சனி

தூறல். விட்டு விட்டு.

மத்தியானம் வேனில் வந்தார்கள். ஜோ, கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன், நிவே என்கிற பொண்ணு. இப்போது தினாவின் கிதார் அவளிடம். கருப்புச் சட்டை, நெஞ்சில் மண்டையோடு. அவளுக்கும்.

கோதண்டம் மாமா வந்துவிட்டார்.

"இன்னா வள்ளி இது? சேப்பு கோட்டு கேட்டா மண்டையோடு வந்துகீது?"

நாத்தனார் சாந்தி சும்மா இருப்பாளா? "அம்மன் கழுத்துல மட்டும் இன்னா, மல்லிப்பூவா கீது?"

மாமா ஜோ பக்கம் திரும்பினார். "பேண்டு பேரு இன்னா நைனா?"

"கலங்கல்" என்றான் ஜோ. "தினா வெச்ச பேரு. எல்லாரும் மீனிங் கேப்பாங்க."

"ஏரி நெரம்பி வழியற எடத்துக்கு மீனிங் வேற வோணுமா?" முகம் கொஞ்சம் இளகியது.

நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள் புதுச் செருப்பைப் பார்த்துவிட்டார். "சாமிக்கு முன்னால செருப்பு கூடாது, சொல்லிட்டேன்."

"டிராக்டர் மேலதான மாமா?"

"டிராக்டரு சாமிக்கு முன்னாலதான போவுது?"

வெறுங்கால், ஈரம், டிராக்டரின் இரும்புத் தொட்டி, கரண்ட். ஜோவிடம் போய், வேண்டாம் நைனா, திரும்பிப் போங்கள் என்றேன்.

"டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டேன்மா. எர்த் குடுத்துருக்கோம்."

"அன்னிக்கும் பாத்தீங்கதான?"

டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். சோறு போட்டது போட்டபடி. தினா அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஆடி 11, ஞாயிறு

கூழ் ஊற்றி முடிந்தது. வெங்காயம் போதவில்லை. மூணு மணிக்குத் தூறல், நாலுக்கு நின்றது. டிராக்டர் தொட்டியெல்லாம் ஈரம்.

அவரைக் காணோம். தினா வாசிப்பைப் பார்க்க ஒரு நாளும் போகாதவர். இன்றைக்கும் வயலுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். எனக்கு நெஞ்சு அடித்த அடி ஜோவின் டிரம்முக்கு மேல்.

அப்போது தலையில் சுருட்டி வைத்துக்கொண்டு அவர் வருகிறார். கொட்டகையில் கன்றுக்குட்டிக்குப் போட்ட ரப்பர் மேட். தேய்த்துக் கழுவி, துடைத்து, சாணி வாசனை போக மஞ்சள் தண்ணி தெளித்து. தொட்டியில் ஏறி அவரே விரித்தார்.

"இது செருப்பு இல்ல, மாமா" என்றார்.

கோதண்டம் மாமா மேட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நல்லா ஓரம் வரைக்கும் இழுத்து வுடுப்பா" என்றார்.

நிவே ஏறினாள். வெறுங்காலோடு. கிதாரைத் தொட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வந்தது, தெருவே அதிர்ந்தது. கண்ணைத் திறந்தேன். நின்றுகொண்டுதான் இருந்தாள்.

தினா எழுதின பாட்டாம். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. நடுவில் கலங்கல் என்று வந்தபோது மட்டும் எங்கள் தெருவே சேர்ந்து கத்தியது. சாந்திக்குச் சாமி வந்துவிட்டது. ஜோ பயந்து நிறுத்தப் பார்த்தான். "நிறுத்தாத நைனா, அடி!" என்று கோதண்டம் மாமா கத்தினார்.

கோயில் வரைக்கும் தினா அப்பா டிராக்டர் பின்னாலேயே நடந்தார், மேட் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

ஆடி 12, திங்கள்

வெயில். நெல்லைக் கொட்டிப் பரப்பினேன்.

மேட் வாசலில் கிடக்கிறது. குங்குமம், பூ, மூணு பேர் காலடி. கன்று வெறுந்தரையில். கழுவிப் போடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார்.