பன்னிரண்டு நாள் பேசாத பெண்

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அங்கே உன் உடம்பும் மனசும் ஒருசேர நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். அப்பா அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது, பேத்தியை விட்டுவர மனசில்லையாம். பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறேன், என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது.

ஆய்வுக்கூடத்தில் இந்த வருஷமும் பயிற்சிக்கு ஆறு பேர். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வை உயிரியல்காரர்களும் இயற்பியல்காரர்களும் சேர்ந்தே படிக்கட்டும் என்று ஜோடி ஜோடியாக உட்கார வைத்தோம், எலியும் பூனையுமாகத்தான் இருந்தார்கள். அதில் இயற்பியல் பெண் ஒருத்தி, மற்றவர்கள் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள், வாயே திறக்க மாட்டாள். போன செவ்வாய்க்கிழமை அவள் ஜோடிப் பையன் மூன்று வாரம் வளர்த்த செல்களை உப்புக் கரைசலில் கழுவுவதற்குப் பதில் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டாள். அத்தனையும் ஊதி வெடித்துப்போயின. அவன் குதி குதியென்று குதித்தான். நானும் என் பங்குக்கு, இதுகூடவா தெரியாது என்று கேட்டுவிட்டேன். அவள் நிமிராமலே, "தெரியும் மேடம். சவ்வு எவ்வளவு இழுத்தா கிழியும்னு இப்பவே கணக்குப் போட்டுக் காட்டுவேன். வேலை விஷயம் தவிர யார்கிட்டயும் பேசி பன்னண்டு நாளாச்சு. கை எங்கயோ இருக்கு, நான் எங்கயோ இருக்கேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டேயிருந்தேன். பையனும் கோபம் தணிந்து அங்கேயே நின்றான். மறுநாள் அவன் அவளுக்குக் கழுவச் சொல்லிக்கொடுத்தான், அவள் அவனுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாள், "செல்லுக்கு முன்னாடி என் மண்டைதான் வெடிக்கும்" என்று அவன் சொல்ல, அவள் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அதை நம்பி இருந்துவிட்டேன் வாண்டு. நீ போனில் "என்னால முடியலம்மா" என்றாய், அதைச் சொல்லவா உன்னை இவ்வளவு தூரம் அனுப்பினேன் என்று உன் வாயை அடைத்தேன். அதற்கப்புறம் நீ பேசுவதெல்லாம் இரண்டு நிமிஷம்தான். என் மேல் தப்பு. இந்தப் படிப்பு உன் ஆசையா என் ஆசையா என்றுகூட நான் உன்னைக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். விட்டுவிட்டு வந்தால் ஏன் என்று கேட்க மாட்டேன், இருந்து முடித்தாலும் சந்தோஷம்தான்.

நீ எங்கிருந்தாலும் தீர்க்காயுசாய், மனநிறைவாய் இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு முடியாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எவ்வளவு நேரமானாலும் பேசு, இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன்னைப் பார்க்க ஏங்கும்,
அம்மா