பீப்பாவின் மூடி

மில்லிக்கன், ரொறன்ரோ
ஒக்டோபர் 14

அன்புள்ள ஸ்டெபனிக்கு,

மயூரி எழுதுகிறேன். நீ கல்கரிக்குப் போய் ஆறு மாதமாகிறது. என் மெசேஜ் ஒன்றையும் நீ திறந்து பார்க்கவில்லை. அதனால் உன் அம்மாவிடம் விலாசம் வாங்கினேன். மோர்னிங்சைட்டில் அவர் சுகமாக இருக்கிறார். முழங்கால் வலி மட்டும் குறைந்தபாடில்லை.

எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. என் கணவர் நிதுசனுக்கு இரண்டு கிழமை இரவு வேலை, இரண்டு கிழமை பகல் வேலை. பேஸ்மென்றில் நீ விட்டுப்போன பியர் காய்ச்சும் சாமான்கள் அப்படியே இருக்கின்றன.

ஓகஸ்ட்டில் நான் தனியாக ஒரு பியர் போட்டேன். நாங்கள் இருவரும் போட்ட அதே பியர்தான். நீ காட்டித்தந்தபடி பீப்பாவின் குழாய்களைக் கழற்றி, ரப்பர் வளையங்களை ஊறவைத்துக் கழுவினேன். பிறகு பீப்பா நிறையக் கிருமிநீக்கி நீரை விட்டு மூடி, அதை முழுவதும் காபனீரொட்சைட்டால் வெளியே தள்ளினேன். அப்படிச் செய்தால் உள்ளே ஒட்சிசன் மிஞ்சாது. புளித்து முடிந்த பியரைக் குழாய் வழியாக அடியிலிருந்து நிரப்பினேன். அது ஓரிடத்திலும் வெளிக்காற்றில் படவில்லை. நான்கு கிழமை கழித்து ஊற்றியபோதும் பொன்னிறம் மாறவில்லை. தோடம்பழ மணம் அப்படியே இருந்தது.

இனி மார்ச் மாதத்து விசயத்தை எழுத வேண்டும்.

மார்க்கம் நகரில் சின்னதாகப் பியர் காய்ச்சி விற்கும் அலெக்ஸாண்டர் அண்ணை, எங்கள் பியரைத் தன் இடத்தில் விற்கலாமா என்று ருசி பார்க்க வந்தார். பியர் பழுப்பாக இருந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார். "நனைஞ்ச காட்போட் மாதிரி இருக்கு. காத்துப் பட்டிருக்கு. ஆர் இதைப் பீப்பாவில அடைச்சது?" என்று கேட்டார். நான், "ஸ்டெபனிதான்" என்றேன். உன் கணவர் வீட்டைவிட்டுப் போன கிழமைதான் நீ அதை அடைத்திருந்தாய். "என்ர கவனம் அண்டைக்கு என்னட்ட இல்லை. மன்னியுங்கோ அண்ணை" என்று நீ சொன்னாய்.

நீ அடைத்த மறுநாள் அந்த மூடியைத் திறந்தது நான். மணம் போதாது என்று எனக்குத் தோன்றியது. பியருக்கு மணம் தரும் ஹொப்ஸ் பூவை, நீ வேண்டாம் என்று சொல்லியும், ஒரு துணிப்பையில் கட்டி உள்ளே போட்டு மூடினேன். மூடியபின் காஸ் விட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சிலிண்டர் வெறுமையாக இருந்தது. அடுத்த நாள் வாங்கலாம் என்று நினைத்து, நான்கு நாள் விட்டுவிட்டேன். அண்ணை கிளாஸை வைத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. நீ மன்னிப்புக் கேட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் நீ கல்கரியில் வேலை எடுத்துக்கொண்டு போனாய்.

போன சனிக்கிழமை புதுப் பியரை அவரிடம் கொண்டுபோனேன். இரண்டாவது கிளாஸும் கேட்டு வாங்கினார். வருகிற தையில் விற்கத் தொடங்கலாம் என்றார். அப்போது நடந்ததை அவருக்குச் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப முதல்ல அவவுக்குச் சொல்லும். எனக்கில்லை" என்றார்.

உன் நம்பரை அவரிடம் கொடுத்திருக்கிறேன். நீ விரும்பினால் அந்த வியாபாரத்தை உன்னோடு செய்யச் சொல்லியிருக்கிறேன். நான் அதில் இல்லை. செய்முறை தொடக்கத்திலிருந்தே உன்னுடையது.

நீ அங்கே பியர் போடுவதை விட்டுவிட்டாய் என்று உன் அம்மா சொன்னார். எதைத் தொட்டாலும் பழுதாகிறது என்று அவரிடம் சொன்னாயாம். நீ ஒன்றையும் பழுதாக்கவில்லை, ஸ்டெபனி. இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலும் எனக்குச் சரி. ஒரு பியர் போடு. நன்றாக வரும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
மயூரி