கோடு வரைக்கும்

ஜனவரி 19, திங்கள்

எல்.எல்.ஆர். பரீட்சையில் பாஸாகிவிட்டேன். இரண்டே கேள்விதான் தப்பு. சைக்கிள் படம் போட்ட பாதையின் ஓரத்தில் தொடர்கோடு இருந்தால் காரை உள்ளே விடக்கூடாது. விட்டு விட்டுப் போட்ட கோடாக இருந்தால் திரும்புவதற்கு மட்டும், அதுவும் சைக்கிளுக்கு வழிவிட்டுத் தாண்டலாம். இதைச் சரியாகப் போட்டேன். வீட்டு வாசலிலேயே அந்தப் பாதையை வைத்துக்கொண்டு தப்பாகப் போட்டால் அசிங்கம். ரோட்டை அகலப்படுத்தியபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று போட்டார்கள். பிள்ளைகளைவிட எங்கள் மக்காச்சோளம்தான் அதில் அதிகம் கிடக்கிறது.

ஜனவரி 27

டிரைவிங் ஸ்கூல் சண்முகவேல் காலை ஏழரைக்குக் காரை வீட்டுக்கே கொண்டுவருகிறார். இன்று நான்கு முறை அணைந்துபோனது. "கிளச்ச மெதுவா உடுங்கம்மா, எருமைக் கயித்த உடற மாதிரி உட்டுப்போடாதீங்க" என்றார். எருமையை நான் அப்படி விட்டதேயில்லை. என் வீட்டுக்காரர் கதிர்வேல் வாசலில் நின்று சிரித்தார். சிரிக்கட்டும். ஆஸ்பத்திரியோ கல்யாணமோ, இவர் எப்போது சாவியை எடுப்பார் என்று காத்து நின்றது இருபது வருஷம் போதும்.

பிப்ரவரி 10

சோளம் வந்துவிட்டது. ஆட்கள் பாதி ரோடு வரைக்கும் காயப் பரப்பிவிட்டார்கள். காரை ஒடித்து ஓட்டத் தெரியாமல் மேலேயே ஏற்றிவிட்டேன். சண்முகவேல் தலையில் அடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 11

சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் பொன்னாயி தினமும் எட்டு மணிக்குச் சைக்கிளில் போவாள். இன்று இறங்கி நின்றாள். "அம்மிணி, சோளத்த ஒரு மொழம் ஒதுக்கிப் போட்டீங்கன்னா நான் கோட்டுக்குள்ளயே போயிருவனுங்க. பஸ்ஸு பக்கத்துல வந்தா ஒதறலா இருக்குதுங்க."

இவரிடம் சொன்னேன். "ரோட்டுக்கு எடம் உட்டதே எங்கப்பன். நாலு நாள்ல அள்ளிருவோம், சுத்திப் போகச் சொல்லு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12

முடியவில்லை.

பிப்ரவரி 13

எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை கார் வருவதற்கு முன்னால் சோளம் தள்ளுகிற பலகையை நானே எடுத்தேன். ரோட்டில் கிடந்த சோளத்தையெல்லாம் வெள்ளைக் கோடு வரைக்கும் தள்ளினேன். நூல் பிடித்ததுபோல நேராக. ஒரு மணிகூடக் கோட்டைத் தாண்டவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. காருக்கு வழி ஆயிற்று. சைக்கிளுக்கு ஒரு சாண்கூட மிச்சமில்லை என்பது கண்ணிலேயே படவில்லை. முந்தின நாள்தானே அவள் கேட்டாள்?

எட்டு மணிக்குத் திரும்பி வருகிறோம். முன்னால் பொன்னாயி பாதைக்குள்தான் போனாள். சோளம் வந்ததும் கோட்டுக்கு வெளியே ஒடித்தாள். நான் முப்பதில்தான் போனேன். பிரேக் என்று எதை மிதித்தேன்? சண்முகவேல் தன் பக்கத்து பிரேக்கை அழுத்துவதற்குள் —

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. போலீஸ் வருவதற்குள் இவர் சோளத்தை வாரிவிட்டார். சாக்கைப் பிடித்தது நான். ஐயோ, நான்தானே புடிச்சேன்.

பிப்ரவரி 14

'சைக்கிள் தன் பாதையிலிருந்து திடீரென்று வெளியே வந்தது' என்று சண்முகவேல் எழுதிக் கொடுத்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. சோளம் என்ற வார்த்தைதான் இல்லை.

பிப்ரவரி 23

பொன்னாயி இறந்துவிட்டாள்.

மார்ச் 10

அவள் மகள் மலர்விழி வந்தாள். ஓமலூரில் துணிக்கடையில் வேலை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கம்மா பயந்த ஆளுங்கக்கா. கோட்ட உட்டு வரவே வராது. அன்னிக்கு மட்டும் ஏனுங்க வந்துச்சு?"

உள்ளேயிருந்து இவர் செருமினார்.

"தெரியலையே சாமி" என்றேன். வாஞ்சையாகச் சாமி என்று வேறு சொன்னேன். என் நாக்கு அழுகட்டும்.

ஏப்ரல் 2

"உம்மேல தப்பில்லைன்னுதான ஆயிருச்சு. லைசென்ஸ் டெஸ்டுக்குத் தேதி போடட்டா?" என்று இவர் கேட்டார். சோற்றில் கை வைத்தபடியே அழுதேன். எழுந்து போய்விட்டார்.

மே 30

பலகையைக் கொட்டகையில் பின்பக்கமாகப் போட்டு மேலே சாக்கை மூடினேன். மூடினால் ஆயிற்றா?

ஜூலை 15

மலர்விழி வீட்டுக்குப் போனேன். ஒன்றுவிடாமல் சொன்னேன்: அவள் அம்மா கேட்டது, நான் தள்ளியது, இவர் வாரியது. கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் துணி மடித்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"தெரியுமுங்க. அம்மா ஆஸ்பத்திரியிலயே சொல்லிருச்சு. நீங்க வாயத் தொறக்கறீங்களான்னு பாக்கத்தான் அன்னிக்கு உங்க ஊட்டுக்கு வந்தேன்."

மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆகப்போவுது? கையெழுத்துப் போட்ட எடத்துல போய்ச் சொல்லுங்க."

ஜூலை 18, சனி

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். சோளம் எங்களுடையது, கோடு வரைக்கும் தள்ளியது நான், வாரும்போது சாக்கைப் பிடித்ததும் நான். ஏட்டு இரண்டு முறை படித்துவிட்டு, "உங்க ஊட்ல தெரியுமாங்கம்மா?" என்று கேட்டார். காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். இவர் சாவியை எடுக்கவில்லை. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன்.

எல்.எல்.ஆர். இன்றோடு முடிகிறது. புதுப்பிக்கவில்லை.