நீ நிறுத்திய இடம்

அடி ரோசலின், என் கண்ணு,

இதை எழுதுவது நான்தான், நம் மகள் மேரி இல்லை. கோயில் வளாகத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் இந்த வருஷம் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன சந்தோஷம் தெரியுமா! விவேக் நகர் பஸ்ஸில் வழியெல்லாம் கடை போர்டுகளைச் சத்தமாகப் படித்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

செய்தி இதுதான். நீ கட்டிய கோயில் பாட்டெல்லாம் ஒரே புத்தகமாக வரப்போகிறது. காலேஜிலிருந்து சுமா மேடம் வந்து, ஒவ்வொரு பாடகர் குழுவிடமும் இருந்த பிரதியை வாங்கி, உன் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கிறார். நீ எழுதியது மேலே, பெரிய எழுத்தில். பிரேசர் டவுன்காரர்கள் மாற்றிப் பாடியது, மற்றவர்கள் சேர்த்தது எல்லாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில். உன் ஒரு ஸ்வரத்துக்கு இத்தனை பேர் வாதாடுகிறார்கள். நீ இருந்தால் சிரித்திருப்பாய், இல்லையா?

கடைசிப் பாட்டில்தான் சிக்கல். இரண்டாம் சரணத்தில் பாதி வரியோடு நீ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். உன் அடக்கப் பூசையில் அதைப் பாட வேண்டும் என்று, குழுவை நடத்தும் ஸ்டீபன் மீதியைக் கட்டினான். இப்போது எல்லாக் கோயிலிலும் அவன் முடிவோடுதான் பாடுகிறார்கள். மேடம் அதை அடியில் போடுவேன் என்றதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா பாட்டைப் பாதியில தொங்கவிடுறீங்களா மேடம்?"

"சென்னாகிதே ஸ்டீபன், ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அது அவங்க எழுதினதில்லையே."

"மாமா, நீங்க சொல்லுங்க. முழுசா இருந்தாத்தானே அக்காவுக்கு மரியாதை?"

மேடமும் என்னைத்தான் பார்த்தார். அச்சுத்தாளை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தேன். உன் பாதி வரி வந்தது. அதற்குப் பிறகு வெறும் வெள்ளைத்தாள்.

அடக்கத்தன்று பாட்டு முடிந்தது. எழுந்தோம், மண் எடுத்துப் போட்டோம், வீட்டுக்கு வந்தோம். எல்லாம் ஒழுங்காக முடிந்த மாதிரிதான் இருந்தது. அதனால்தான் எனக்கு அழுகை வரவில்லையோ? இந்தத் தாளைப் பார்த்தும் வரவில்லை. விரல் மட்டும் அந்த வெள்ளையிலேயே கிடந்தது. எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"சும்மா வுட்டுடு ஸ்டீபா," என்றேன். "அவ போனது அங்க தெரியட்டும். உன்னுது கீழ இருக்கட்டும், உன் பேரோட."

அவன் அச்சுத்தாளின் அடியை எட்டிப் பார்த்தான். பிறகு, "பேராவது பெருசா போடுவாங்களா மாமா?" என்றான்.

"சின்னதாத்தான்," என்றார் மேடம்.

மூவரும் சிரித்தோம். என் சிரிப்பு யாருடையதோ போல எனக்கே கேட்டது.

வருகிற திருவிழாவில் குழு முழுப் பாட்டையும் பாடும். ஸ்டீபன் கட்டியதும் நல்ல முடிவுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் உன் பாதி வரி வரைக்கும்தான் பாடுவேன். அப்புறம் அவர்கள் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பேன். இது சத்தியம்.

இன்றைக்கும் உன் வீட்டுக்காரன்தான்,
சவரிமுத்து