குரல் வரும் பக்கம்

தியாகராய நகர்
19.1.1998

மச்சி நந்து,

நீ கொடுத்த கேசட்டால் எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு உயிர் வந்துவிட்டது. பனி மூடிய கடல். படம் சுமார்தான், ஹெட்போனை மாட்டினால் அலை காலடியில் அடிக்கிறது. கேசட்டைத் திருப்பிப் போட்டேன். ஒரு அம்மா கத்துகிறார். அந்தக் குரலைக் கடலுக்குள் வைத்தேன். ஆடுகிறவன் அதைத் தேடிப் போவான், போனால் மூழ்குவான். விளையாட்டை வாங்க வந்திருக்கும் அமெரிக்கக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கையைக் காட்டினார். புல்லரித்திருந்தது. யார் மச்சி அது?

உன் பிரணவ்

நொச்சிக்குப்பம்
22.1.1998

பிரணவ்,

அது என் அம்மா தேவானை.

நீ கேட்டது அலை. முதல் பக்கத்தில் உன் பெயரை எழுதித்தான் கொடுத்தேன். மறுபக்கத்தைப் போடச் சொன்னது யார்? மார்கழியில் உனக்காக அலை பிடித்துவிட்டு, கேசட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில்தான் என் கூடப்பிறந்த குப்பன் அண்ணனின் கட்டுமரத்தைக் காணோம் என்றார்கள். பதிவை நிறுத்தத் தோன்றவில்லை. பனி இறங்கினால் எங்கள் பெண்கள் கரையில் நின்று கத்துவார்கள். கடலில் இருப்பவன் குரல் வரும் பக்கம் துடுப்புப் போடுவான். "குப்பா, கர இந்தாண்ட கீதுடா, வாடா!" அமெரிக்கக்காரனுக்குத் தமிழ் தெரியாது. உனக்குமா? மூன்றாம் நாள் அண்ணன் உடல் கரை ஒதுங்கியது.

கரையில் நின்றவளைக் கடலில் போட்டு, ஆளை மூழ்கடிக்கும் பேயாக்கிவிட்டாய். நேற்று உன் ஆபீசுக்கு வந்தேன். வாட்ச்மேன் என் செருப்பைப் பார்த்தே திருப்பி அனுப்பினான்.

குரலை எடு.

நந்தகுமார்

தியாகராய நகர்
28.1.1998

நந்து,

சத்தியமாகத் தெரியாதுடா. மன்னித்துவிடு. எடுத்தும் பார்த்தேன். வெறும் தண்ணீர், ஆடிப் பார்த்த ஒருவரும் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. பயம், பரிதாபம் எல்லாம் காதில்தான் இருக்கிறது. டிஸ்க் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. மேலே இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். கடைசியில் 'ஒலி: நந்தகுமார்' என்று போடச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

பிரணவ்

நொச்சிக்குப்பம்
3.2.1998

பிரணவ்,

என் பெயரை வெட்டு.

இன்று காலையும் பனி. அம்மா அடுத்தவர் பிள்ளைகளுக்காகக் கரையில் நின்று கத்தினாள். நாலு கட்டுமரம் அவள் குரலைப் பிடித்துக் கரையேறியது. அப்புறம் உன் விளையாட்டில் அவள் குரல் இருப்பதைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "என் கொரலக் கேட்டு அதுல எத்தினி பேரு முழுவிப் போனாங்கோ?"

விளையாட்டுதாம்மா என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

எத்தனை பேர் என்று உனக்குத்தான் தெரியும். எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது.

நந்தகுமார்